கள உதவியாளரின் தம்பி

திகன
9.1.2025

அன்புத் தம்பி நஸீபுக்கு ராத்தா அபீபா எழுதுறது.

அஸ்ஸலாமு அலைக்கும். நான் போன் எடுத்தா நீ வெட்டுற. நீ வெட்டினா நான் திரும்பவும் எடுக்குற. இப்பிடியே ரெண்டு கிழம போச்சு. பக்கத்து ஊட்டு சர்மிளாதான் செல்லினா, "அக்கா, கடிதாசி போடுங்க. போன கட் பண்ணிறலாம். கடிதாசிய கிழிக்கணும்னாலும் ஒரு கண்ணு பட்டுத்தானே கிழிக்கணும்" எண்டு. அந்தப் புள்ளைக்கு இப்பிடி யோசினைகள் எங்க இருந்து வருதோ தெரியா. அவ கேம்பஸில போத்தல் கழுவுறா. சும்மா கழுவுறதில்ல, மூணு தண்ணியில கழுவி, மூணாந் தண்ணிக்கு மருந்துக்கடைத் தண்ணி மாதிரி ஒண்டு வெச்சீக்கி. அவ கழுவின போத்தலப் பாத்தா அதுல மூஞ்சி தெரியும்.

நான் அஞ்சாம் வகுப்போட நிண்டவ எண்டு ஒனக்குத் தெரியும்தானே. எழுதுவேன், ஆனா எழுத்துக்கு மேல புள்ளிக் குத்து வெக்க வாறல்ல. எங்க வெக்கிற, எங்க உடுற எண்டு இண்டைக்கும் புடிபடல்ல. அதச்சுட்டி குத்தெல்லாம் நீயே வெச்சு வாசிச்சிக்கோ.

நீ அனுப்பின அரிசிப் பைய நான் பஸ்ஸிலயே திருப்பி அனுப்பினதுக்குக் கோவம் எண்டு தெரியும். ஒன்ன அவமானப்படுத்த இல்ல தம்பி. ஒங்க மச்சான் மௌத்தாகி ரெண்டு வருஷமா ஒரு மாசம் தவறாம அனுப்பினாய். அல்லாஹ் ஒனக்குப் பறக்கத் தரட்டும். ஆனா எனக்கு இப்ப வேல கெடச்சீக்கி. அதத்தான் செல்ல வந்தேன், எங்கயோ போயிட்டேன்.

ஒரு நாள் சர்மிளா போனக் காட்டி, "அக்கா, எங்க கேம்பஸ்ல வெற்றிடம் இருக்காம், போட்டுப் பாருங்க" எண்டா. வெற்றிடம் எண்டா நான் வெறுங்காணி எண்டு நெனச்சேன். கேம்பஸில காணி பங்கிடுறாங்க எண்டு நெனச்சு, "எத்தன பேர்ச்சஸ் புள்ள?" எண்டு கேட்டேன். அவ சிரிச்சு சிரிச்சு வாசல்படியில குந்திட்டா. வெற்றிடம் எண்டா ஆள் இல்லாத வேலையாம். ஆராய்ச்சி செய்யிறவங்களுக்குப் பொறத்தால நிண்டு ஒதவி செய்ய ஆள் தேடுறாங்களாம்.

சந்தியில ஷப்ராஸ்ட கொமியூனிகேஷன் கடைக்குப் போனோம். அவன் கேள்வி கேட்டுக் கேட்டு கம்பியூட்டருல அடிக்கிறான். "மாமி, அனுபவம் எத்தன வருஷம்?" எண்டான். "எதுல மகன்?" எண்டேன். "ஏதாச்சும்ல." "அப்ப நாப்பத்தி மூணு" எண்டேன். அவன் அதையும் அடிச்சிட்டான்.

நேர்முகத்துக்குக் கூப்புட்டாங்க. மூணு பேர் இருந்தாங்க, நடுவுல மெடம். தல நரச்ச சிங்கள மனிசி, பெரிய பேராசிரியராம், ஆனா கால்ல ரப்பர் செருப்பு. "மலையில ஏறுவீங்களா, விடிய முந்தி எழும்புவீங்களா?" எண்டு கேட்டா. "சுபஹுக்கு எழும்புற மனிசிக்கு அதென்ன மெடம்" எண்டேன். "கிராமத்து ஆக்கள் நீங்க கேட்டதத் தருவாங்களா?" எண்டா. அதுக்கு நான், கலியாணம் முடிச்ச புதுசில நம்ம ஊட்டுக் கொடிக்கயிறு அடுத்த ஊட்டு மதிலுக்கு மேலால போய் வந்த சண்டைய, கடைசியில நாங்க ரெண்டு பேரும் ஒரே கொடியில உடுப்புக் காயப்போட்ட கதைய, முழுசாச் செல்லினேன். மத்த ரெண்டு பேரும் மணிக்கூட்டப் பாத்தாங்க. மெடம் பாக்கல்ல. கதை முடியிற வரைக்கும் என்ட மொகத்தத்தான் பாத்தா. அப்பிடி ஒராள நான் கண்டதில்ல.

ரெண்டு பேர எடுத்தீக்கி. நானும், ஏஎல் படிச்ச ஒரு தம்பியும். மூணு மாசம் வேல பாக்கணும். மார்ச் முடியிறதுக்குள்ள ஒராள நிப்பாட்டிட்டு மத்தவருக்கு ரெண்டு வருஷத்துக்குக் கடிதம் குடுப்பாங்க. எனக்கு அந்தக் கடிதம் வேணும் தம்பி. துஆச் செய்யி.

வேலைக்குப் பேரு கள உதவியாளர். கித்துள் பனை மரத்தப் பத்தின ஆராய்ச்சி.

உன் ராத்தா
அபீபா

•

கலகெதர
15.1.2025

ராத்தாவுக்கு,

வஅலைக்குமுஸ்ஸலாம். உங்கள் கடிதம் கிடைத்தது. கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் நிம்மதியாக இருந்திருப்பேன்.

குத்து வைத்து வாசிக்கச் சொன்னீர்கள். வைத்து வாசித்தேன். கள் உதவியாளர். என் கடையில் ஆட்கள் நிற்கும்போதே வாசித்துவிட்டேன், சத்தமாக வாசிக்காதது மட்டும்தான் மிச்சம். கித்துள் கள்ளுக்கு ஒரு கேம்பஸ், அதற்கு ஒரு மெடம், அதற்கு என் ராத்தா உதவியாளர்.

நம்முடைய வாப்பா கள்ளுத் தவறணை இருக்கிற பக்கமாக நடக்கக்கூட மாட்டார். சந்தைக்குப் போவதென்றால் வயல் வரம்பால் சுற்றிப் போவார். அவருடைய மகள் சுபஹுத் தொழுதுவிட்டு கள் முட்டி தூக்கப் போகிறாளா? சம்பளம் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்கவும் மாட்டேன்.

அரிசிப் பையைத் திருப்பி அனுப்பியதை மறந்துவிடுகிறேன். இதை மறக்க முடியாது. அந்த வேலைக்கு இனி ஒரு நாள் போனாலும் எனக்கு ராத்தா இல்லை என்று நினைத்துக்கொள்கிறேன். உங்களுக்கும் தம்பி இல்லை.

கடிதம் எழுதுவதென்றால் சுருக்கமாக எழுதுங்கள். கொடிக்கயிற்றுக் கதையை வாசித்து முடிக்கும்போது தேத்தண்ணி ஆறிவிட்டது.

நஸீப்

•

திகன
27.1.2025

தம்பி நஸீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒன்ட கடிதத்த வாசிச்சிட்டு முதல்ல அழுதேன். பொறகு சர்மிளாட்டக் காட்டினேன். அவ அத அஜந்தன் தம்பிக்கிட்டக் காட்டினா. அவர்தான் கண்டுபுடிச்சார். அஜந்தன் எண்டா இந்த ஆராய்ச்சிய செய்யிற யாழ்ப்பாணத்துப் புள்ள. "அக்கா, நீங்கள் 'கள' எண்டு சரியாத்தான் எழுதியிருக்கிறியள். உங்கட தம்பி அதுக்கு மேல ஒரு குத்தை வச்சிட்டார். களம் கள்ளாப் போச்சு" எண்டார். களம் எண்டா வெளி இடமாம். காடு, மலை, தோட்டம், வயல் எல்லாம் களமாம். ஆபீசுல கதிரையில இரிக்காம வெளிய போய் செய்யிற வேல. அவ்வளவுதான்டா.

குத்து வெக்கச் செல்லினது நான்தான். பிழை என்டதுதான். இதுல மட்டும் குத்து இல்ல எண்டு எழுதி இருக்கணும்.

இப்ப ஒன்னச் சமாதானப்படுத்திட்டு இதோட நிப்பாட்டலாம். சர்மிளாவும் அதத்தான் செல்லினா. ஆனா ஒனக்குப் பொய் செல்ல ஏலாது. நாங்க எடுக்குறது கித்துள் பூவுல வடியிற தண்ணிதான். சிங்களத்துல தெலிஜ்ஜ எண்டுற. எறக்கின நேரம் சீனி மாதிரி. அதக் காய்ச்சினா பாணி, இன்னம் காய்ச்சினா கருப்பட்டி. காய்ச்சாம வெச்சா கொஞ்ச நேரத்துல அது நீ செல்லுற சாமானாப் போகும். அதுவும் உண்மதான்.

மெடம்ட ஆராய்ச்சி எனத்தப் பத்தி தெரியுமா? அது அப்பிடிப் போகாம எவ்வளவு நேரம் இனிப்பாவே வெச்சிக்க ஏலும் எண்டுதான். ஏழப்பட்டவங்க மரம் ஏறி எறக்கிக் காய்ச்ச முந்தி அது கெட்டுப் போனா அண்டைக்குப் பொழப்பு இல்ல. மெதமஹநுவரப் பக்கம் ஒரு மலையில டிங்கிரி பண்டா எண்டு ஒருத்தர் ஈக்கார். அறுபது வயசு. முட்டிக்குள்ள ஹல் மரத்துப் பட்டையப் போட்டு வெக்கிறார். அது போட்டா கெதியில கெடாது. எத்தன துண்டு போடணும், எப்ப போடணும் எண்டு அவருக்குக் கைக்குத் தெரியும், வாய்க்குத் தெரியா. அத அஜந்தன் தம்பி கொப்பியில எழுதுறார். டிங்கிரி பண்டா மரத்துல இருந்து எறங்கிறதப் பாத்தா, மரம்தான் அவரப் புடிச்சு மெதுவா எறக்கி வெக்குது எண்டு நெனப்பாய்.

என்ட வேல, அவர் எறக்கினதும் சின்னப் போத்தல்ல எடுத்து, எந்த மரம், எத்தன மணி எண்டு ஒட்டி, ஐஸ் பெட்டியில வெச்சு, மெடம்ட கைக்குக் குடுக்குறது. கெட்டுப் போச்சா இல்லையா எண்டு மத்த எல்லாரும் ஒரு சொட்டு நாக்குல வெச்சுப் பாப்பாங்க. நான் பாக்க மாட்டேன். மாறி ஈந்தா ஹராம்தானே, மாறிச்சா எண்டு தெரியாமத்தானே நாக்குல வெக்கிற. அப்ப எப்பிடிக் கண்டுபுடிக்கிற? ரெண்டு நாள் தலையச் சொறிஞ்சேன். மூணாவது நாள் போத்தலக் காதுல வெச்சுப் பாத்தேன். கெடத் தொடங்கினா அது பேசும் தம்பி. தூரத்துல தோசக்கல்லுல தண்ணி தெளிச்ச மாதிரி, மிச்சம் மெல்லிசா. இனிப்பா ஈக்கிறது வாயத் தொறக்காது.

அஜந்தன் தம்பி நம்பல்ல. ஒரு மீட்டர் வெச்சீக்கார், அத உட்டா நம்பர் காட்டும். பத்துப் போத்தல வெச்சு, "சொல்லுங்கோ அக்கா" எண்டார். ஒவ்வொண்டாக் காதுல வெச்சு, இது பேசுது, இது பேசல்ல எண்டு ரெண்டு பக்கமாப் பிரிச்சேன். அவர் மீட்டர உட்டுப் பாத்தார். ஒம்பது சரி. பத்தாவதுல அவருக்கும் சந்தேகமாம். அவர் எழும்பி நிண்டார். பொறகு கொப்பியில புதுசா ஒரு கோடு கிழிச்சு, அதுக்கு மேல 'காது' எண்டு எழுதினார். இவ்வளவு படிச்ச புள்ள, அஞ்சாம் வகுப்புக்காரி செல்லினதுக்கு ஒரு கோடு கிழிச்சுத் தந்தார். அந்த மனசு எத்தன பேருக்கு வரும்?

அதச்சுட்டி இத நீ நல்லா யோசிச்சுப் பாரு. ஒன்ட ராத்தா கள் எறக்கப் போகல்ல. அது கள்ளாப் போகாமக் காக்கப் போறா.

வேலைய உட மாட்டேன். ஒன்னையும் உட மாட்டேன். எனக்கு இரிக்கிற ஒரே ஆம்புளத் தொண நீதான்.

சுருக்கமா எழுதச் செல்லினாய். இவ்வளவுதான் சுருக்க முடிஞ்சிச்சு.

அபீபா

•

கலகெதர
12.3.2025

ராத்தாவுக்கு,

ஒன்றரை மாதம் பதில் எழுதாததற்குக் காரணம், என்ன எழுதுவதென்று தெரியாததுதான்.

குத்து விஷயத்தில் நான் பிழை. அதை ஒத்துக்கொள்கிறேன். பள்ளி மௌலவியிடமும் கேட்டேன். இனிப்பாக இருக்கும்வரை தடையில்லை, போதை வந்தால்தான் ஹராம் என்றார். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். "அப்ப ஒங்கட ராத்தா அது போதையாகாமப் பாக்குறாவா? நல்ல வேலதானே!" என்றும் சொன்னார். அவரிடம் கேட்டிருக்கவே கூடாது.

என் கடையில் பாணிப் போத்தல் வரிசையாக இருக்கிறதே, அது எங்கிருந்து வருகிறது என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். கேட்க வேண்டாம்.

என் பிரச்சினை இப்போது வேறு. முந்தாநாள் திகனவிலிருந்து வந்த ஒருவர் கடையில் வைத்துச் சொன்னார்: "நஸீப், ஒங்கட ராத்தா பூட்ஸ் போட்டுக்கொண்டு, பெட்டியத் தூக்கிக்கொண்டு, வேனிலிருந்து ஆம்புளைகளோட எறங்கி மலையேறிப் போறா. நோன்பு நாளையில!" நான் தராசைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி உயிரோடு இருக்கும்போது ராத்தா ஏன் மலையேறுகிறா என்று அவர் கேட்கவில்லை. ஆனால் கேட்ட மாதிரித்தான் இருந்தது.

நான் சொன்னால் நீங்கள் கேட்க மாட்டீர்கள். அதனால் 20ஆம் திகதி வியாழக்கிழமை நானே கேம்பஸுக்கு வந்து உங்கள் மெடத்துடன் பேசுகிறேன். மரியாதையாகத்தான் பேசுவேன். குடும்பத்துக்கு இது சரிவராது, அவவை விட்டுவிடுங்கள் என்று சொல்லி, உங்களைக் கூட்டிக்கொண்டு வருகிறேன்.

நஸீப்

•

திகன
21.3.2025

நஸீப்,

இந்தத் தடவ சுத்தி வளைக்க எனக்கு மனசில்ல.

நேத்து நான் மலையில. ஒனக்காக லீவு போட நெனச்சேன், போடல்ல. பின்னேரம் திரும்பி வந்தா சர்மிளா ஓடி வாறா. "அக்கா, ஒங்க தம்பி வந்தாரு. வெள்ளச் சட்ட போட்டு, கையில ஒரு பைலு வச்சிக்கிட்டு, மெடம் ரூமுக்கு வெளிய கதிரையில இருந்தாரு. உள்ளுக்குப் போயி ரொம்ப நேரம். வெளிய வந்தவரு என்னையப் பாக்காமயே போயிட்டாரு" எண்டா.

நீ எனக்குப் போன் எடுக்கல்ல. நான் எடுத்தேன், நீ வெட்டினாய்.

இண்டைக்கு மெடம் என்னக் கண்டு சிரிச்சா. எனத்துக்குச் சிரிச்சா எண்டு தெரியா. பாவம் எண்டு சிரிச்சாவா? மத்தத் தம்பிக்குக் கடிதம் குடுத்தா நான் அழ மாட்டேன், அவர் படிச்சவர். ஆனா ஒன்ட வாயால அது போயிருந்தா, நஸீப், அத நான் எங்க கொண்டு போய் வெக்கிற?

இன்னம் பத்து நாள் ஈக்கி. அங்க எனத்தச் செல்லினாய் எண்டு எழுது. ஒரு வார்த்தையும் ஒளிக்காம எழுது.

அபீபா

•

கலகெதர
24.3.2025

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஒளிக்காமல் எழுதுகிறேன். நீளமாக வரும். உங்களிடமிருந்து தொற்றிவிட்டது.

நான் கொண்டு வந்த பைலில் இருந்தவை உங்கள் கடிதங்கள். சாட்சிக்கு எடுத்து வந்தேன். கேட்டில் செக்கியூரிட்டி மறித்து, எங்கே என்று கேட்டார். கித்துள் புரொஜெக்ட் மெடத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். சட்டையையும் பைலையும் பார்த்துவிட்டு, "ஆ, வாங்க வாங்க" என்று தானே கூட்டிக்கொண்டு போய் ஒரு கதிரையில் உட்கார வைத்தார். அங்கே ஏற்கெனவே மூன்று பேர் பைலோடு இருந்தார்கள். இந்த மெடத்துக்கு இவ்வளவு பேர் புகார் கொண்டு வந்திருக்கிறார்களா என்று நினைத்துக்கொண்டேன்.

உள்ளே கூப்பிட்டார்கள். மெடமும் இன்னும் இரண்டு பேரும். நான் பேசத் தொடங்க முன்பே ஒருவர் கேட்டார், "லைசன் இருக்கா?" இருக்கிறது என்றேன். "எத்தன வருஷம்?" பதினாறு என்றேன். கடை லொறியை நான்தான் ஓட்டுகிறேன், அதில் பொய் இல்லை. "மலப் பாதையில ஓட்டியிருக்கீங்களா?" ஓட்டியிருக்கிறேன் என்றேன். அப்போதுதான் விளங்கியது. அன்று புரொஜெக்ட் வேனுக்கு சாரதி எடுக்கிற நேர்முகப் பரீட்சை. என்னையும் வேலை தேடி வந்தவன் என்று உட்கார வைத்திருக்கிறார்கள்.

எழும்பி, நான் அதற்கு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அதற்குள் மெடம் அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டா. "இங்க வேல இருக்கிறது உங்களுக்கு எப்படித் தெரிய வந்தது?"

ராத்தா, அந்தக் கேள்விக்கு என் வாயிலிருந்து என்ன வந்தது தெரியுமா? "என்ட ராத்தா இங்கதான் வேல செய்யிறா. அபீபா. கள உதவியாளர்" என்றேன். நிமிர்ந்து உட்கார்ந்து சொன்னேன். அந்தக் குரல் என்னுடையதுதானா என்று எனக்கே தெரியவில்லை.

மெடம் கண்ணாடியைக் கழற்றி வைத்தா. மற்ற இருவரிடமும், "அபீபாட மல்லி! தம்பி!" என்றா. பிறகு என்னிடம் தமிழில் சொன்னா. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தமிழ் வருகிறது, ஆனால் சொல்ல வேண்டும் என்று தேடித் தேடிச் சொன்னா. நீங்கள் ஒரு போத்தலில் ஆறு மணி ஐந்து நிமிடம் என்று எழுதினால் அது ஆறு மணி ஐந்து நிமிடம்தான் என்றா. மற்றத் தம்பி வேனுக்குள் உட்கார்ந்து எல்லாவற்றுக்கும் ஒரே நேரத்தை எழுதிவிடுவாராம். காதில் வைத்துக் கேட்கிறதை யாருக்கும் பழக்கலாம், இதைப் பழக்க முடியாது என்றா.

பிறகு அலுமாரியைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்துக் காட்டினா. வெறும் போத்தல். பெப்ரவரி மாதத் திகதி. அதில் உங்கள் எழுத்தில் ஒட்டியிருந்தது: "மலையில் சறுக்கி விழுந்து இருபது நிமிஷம் பிந்திவிட்டேன். இது சரிவராது. இதைச் சேர்க்க வேண்டாம்." அதை ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டேன். புதிதாக ஆராய்ச்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு முதல் நாள் இதைத்தான் காட்டுகிறேன் என்றா.

கொடிக்கயிற்றுச் சண்டையை எழுதினீர்கள். ஷப்ராஸ் கடையை எழுதினீர்கள். மெடத்தின் ரப்பர் செருப்பைக்கூட எழுதினீர்கள். விழுந்ததை எழுதவில்லை. ஒருவேளை பதில் போடாத தம்பிக்கு அதை எப்படி எழுதுவது என்று விட்டிருப்பீர்கள். கேம்பஸிலிருந்து பஸ் நிற்கும் இடம் வரை அதையே யோசித்துக்கொண்டு நடந்தேன். சர்மிளாவைப் பார்க்காமல் போனதற்கும் அதுதான் காரணம். என் முகம் அப்போது பார்க்கிற மாதிரி இருக்கவில்லை.

சாரதி வேலை எனக்கு வேண்டாம் என்று மெடத்திடம் சொல்லிவிட்டேன். கடையை யார் பார்ப்பது? ஆனால் கலகெதரப் பக்கம் கித்துள் மரம் ஏறுகிற எட்டுப் பேரை எனக்குத் தெரியும், என் கடைக்குப் பாணி தருகிறவர்கள், அவர்களிடம் நான் பேசித் தருகிறேன் என்று சொன்னேன். மெடம் எழுதிக்கொண்டா.

உங்களைப் பற்றிப் பேச வந்ததைச் சொல்லவே இல்லை. பைலைத் திறக்கவும் இல்லை.

கடைசியாக மெடம் ஒன்று சொன்னா. உங்களுக்கான கடிதத்தில் கையெழுத்து வைத்தாகிவிட்டது, ஆனால் தபாலில் போய்ச் சேரும்வரை உங்களிடம் சொல்ல வேண்டாம் என்றா. நான் அமானிதத்தை மீறுகிறவன் இல்லை. அதனால் போனில் சொல்லவில்லை. எழுதுகிறேன்.

பெருநாளைக்கு நாங்கள் எல்லோரும் திகனவுக்கு வருகிறோம். கால் இப்போது எப்படி இருக்கிறது? அதை மட்டும் உடனே எழுதுங்கள்.

உங்கள் தம்பி
நஸீப்

•

திகன
28.3.2025

அன்புத் தம்பி நஸீபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கால் நல்லா ஈக்கி. முழங்கால்ல கொஞ்சம் தோல் போச்சு, அவ்வளவுதான். எழுதி ஈந்தா நீ கோவத்தையும் தூக்கிக்கொண்டு அடுத்த பஸ்ஸில வந்து நிண்டிருப்பாய். அப்ப நான் வேலைக்குப் போறதா, ஒன்னப் பாக்குறதா?

நேத்து லுஹர் தொழுகைக்குப் பொறகு தபால்காரர் வந்தார். ரெண்டு கடிதம் தந்தார். ஒண்டு கேம்பஸ் சீல் குத்தின நீட்டுக் கவர். மத்தது ஒன்ட கையெழுத்து. சர்மிளா பக்கத்துல நிண்டு, "அக்கா, நீட்டுக் கவர ஒடைங்க! நீட்டுக் கவர ஒடைங்க!" எண்டு துள்ளுறா. அவட கையில இன்னம் சவர்க்கார நுரை.

நான் ஒன்டதத்தான் ஒடச்சேன். மூணு தரம் வாசிச்சேன். முதல் தரம் எனக்கு, ரெண்டாந்தரம் சர்மிளாக்கு. மூணாந்தரம் ஆருக்கு எண்டு தெரியா, சும்மா வாசிச்சேன்.

நோன்பு தொறக்குற நேரம் வந்திட்டு, எழும்பிப் போயிட்டேன். நீட்டுக் கவர் இன்னம் மேசையிலதான் கெடக்கி. பெருநாளண்டு நீ வந்து ஒடச்சு வாசி.

உன் ராத்தா
அபீபா